ராயப்பன் சுருக்கமாகக் கேட்ட நாள்

ராயப்பனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. சொன்னால் அது அவருக்குச் செய்யும் துரோகம். ஒரு துரோகம் ஏற்கெனவே செய்துவிட்டேன், இன்னொன்று வேண்டாம்.

என் பெயர் மெர்லின். திண்டிவனம் தாலுகா ஆபீஸ் பக்கத்துத் தெருவில் பதினாறு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், டைப்பிங், மனு, ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன் எல்லாம் உண்டு. எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பொய் இல்லை. வருகிறவர்களில் பாதிப்பேர் மிஷினுக்கு முன்னால் நின்று குடும்பக் கதை பேசுவார்கள். "எத்தனை காப்பி? முன்பக்கமா, ரெண்டு பக்கமா?" என்று கேட்டு ஓட்டினால்தான் பிழைப்பு நடக்கும்.

கதை பேசுகிறவர்களில் முதல் ஆள் ராயப்பன். கிளியனூர்க்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கரும்பு வெட்டு, மல்லாட்டைக் கடலை பிடுங்குவது, வயலில் வேலை இல்லாத மாதங்களில் கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது என்று ஆயுசு முழுக்கக் கூலி வேலை. வெளுத்த சட்டைதான் போட்டிருப்பார், ஆனால் இஸ்திரி கலைந்து நான் பார்த்ததில்லை. ரேஷன் கார்டுக்கு ஒரு காப்பி எடுக்க வந்தால்கூட இப்படித்தான் ஆரம்பிப்பார்:

"இன்னைக்கு விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்தேம்மா. காந்திமதி கேப்பைக் கூழு கரைச்சிக்கினு இருந்துச்சு. நாலரைக்கு வெளிய வந்தா நம்ம பெரியசாமி டீக்கடை தொறந்துக்கினு இருந்தான். அவன் பாத்தான் என்னை. அஞ்சே காலுக்கு பஸ்ஸு. கண்டக்டரு மீசை வச்ச ஆளு, செவப்பா இருப்பாரு, அவரைக் கேட்டாலும் சொல்லுவாரு…"

"எத்தனை காப்பிண்ணே?"

"ஒண்ணும்மா."

ஐயோ சாமி! ஒரு காப்பிக்கு ஊரே சாட்சி. நான் சிரிப்பேன், கூட நிற்பவர்களும் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். அவர் வீட்டுக்காரம்மா காந்திமதிகூட ஒருமுறை கடைக்கு வந்தபோது சொன்னது: "இவரு பேச ஒக்காந்தா சோறு ஆறிப் போயிடும் மெர்லினு. எனக்குப் பழகிடுச்சு."

அவருக்கு ஒரே பெண், அஸ்வினி. நர்சிங் படித்தவள். விழுப்புரம் போகிற வழியில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் படித்தாள். பெயர் வேண்டாம். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்க வேண்டும், அதுவரை ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் தங்களிடம் இருக்கும் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அவளும் இரண்டு வருடம் ஒரு நாள் குறையாமல் பார்த்தாள். முடிந்த பிறகும் கொடுக்கவில்லை. இன்றைக்கு வா, நாளைக்கு வா, பிரின்ஸ்பால் இல்லை, பீரோ சாவி இல்லை. அவள் காப்பியை வைத்துக்கொண்டு பாண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அங்கேயே ஹாஸ்டலில் இருந்தாள்.

இதற்கு நடுவில் அரசு நர்ஸ் வேலைக்குப் பரீட்சை எழுதி, பாஸும் பண்ணிவிட்டாள். ரிசல்ட் வந்த தாளை நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ராயப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை சென்னையில் சர்டிபிகேட் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாமல் போனால் வேலை இல்லை. அதில் இரண்டாவது பேச்சுக்கே இடம் கிடையாது.

ராயப்பன் ஐந்து தடவை கல்லூரிக்குப் போனார். ஆபீசில் இருந்தவரிடம் மகள் எல்.கே.ஜி. சேர்ந்ததிலிருந்து ஆரம்பித்திருப்பார், சந்தேகமே இல்லை. கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய் அந்த ஆள், "எதா இருந்தாலும் எழுத்துல குடுய்யா" என்று அனுப்பிவிட்டார். என்னிடம் வந்தார். நான் டைப் அடிக்க, அவர் சொல்லச் சொல்ல மூன்று பக்கம் போனது. முக்கால்வாசியை நான் வெட்டினேன்.

வெட்டியதில் ஒரு கதை இருந்தது. அவருக்குப் பத்தொன்பது வயதில் நடந்தது. வேலை பார்த்த நிலத்தில் போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைக் காணோம். காலையில் கூப்பிட்டு, ராத்திரி எங்கேடா இருந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். "வீட்டுலதான் இருந்தேன்" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் சொன்னார். மோட்டார் கொட்டகையில் வைத்து மத்தியானம் வரை அடித்தார்கள். இரண்டு நாள் கழித்து, நிலத்துக்காரரின் மகனே அதை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தது தெரிந்தது. யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வீட்டுல இருந்தேன்னு மட்டும் சொன்னேம்மா. யாரு பாத்தா, எப்போ படுத்தேன், எப்போ எழுந்தேன், ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்களோ இன்னமோ" என்றார்.

"அண்ணே, இதுக்கும் சர்டிபிகேட்டுக்கும் என்ன சம்பந்தம்? லெட்டர்னா சுருக்கமா இருக்கணும்" என்று சொல்லி, அந்தப் பத்தியை டெலிட் பண்ணினேன். காது கேட்டது, மண்டைக்குள் ஏறவில்லை. என் அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். அவர் ஒருதரம் சொன்னால் தெருவே நம்பும். இரண்டாம் தரம் சொல்ல வேண்டிய அவசியம் எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

கடிதம் போய் இரண்டு வாரம் பதில் இல்லை. சரிபார்ப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ராயப்பன் கடைக்கு வந்தார். அன்றைக்குக் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கடைக்குள் இருபது பேர், வெளியே அதற்கு மேல். சர்வர் வேறு படுத்துக்கொண்டது. எனக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் பழுப்புக் கவரின் முனை தெரிய, அவர் கூட்டத்துக்குள் வழி விட்டு வழி விட்டு முன்னால் வந்தார்.

"மெர்லினம்மா, இன்னைக்குக் காத்தால பத்து மணிக்கு நான் களத்துல இருந்தேன். போஸ்ட்மேனு சைக்கிள நிறுத்திட்டு…"

"ராயப்பண்ணே!" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "கூட்டம் தெரியல? எப்பப் பாரு சொன்னதையே சொல்லிக்கினு. ஒரே வார்த்தையில கேளுங்க, இல்லன்னா திங்கக்கிழம வாங்க."

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு, நான் அவரைப் பார்த்த இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, ஒரே வரியில் கேட்டார்:

"பி லேபர்னா என்னம்மா?"

"கூலியாளா இருன்னு அர்த்தம். அடுத்து யாரு?"

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கவரை வாங்கிப் பார்க்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது. கையை நீட்டவில்லை.

நடந்ததை எல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் கடிதம் கல்லூரியிலிருந்து வந்தது, முழுக்க இங்கிலீஷ். ராயப்பனுக்கு இங்கிலீஷில் படிக்கத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று, லேபர். நலவாரியக் கார்டுக்காக விழுப்புரத்தில் லேபர் ஆபீஸ் வாசலில் நாள் கணக்கில் வரிசையில் நின்றபோது, போர்டிலிருந்த அந்த ஆறு எழுத்தையும் பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டவர். கடிதத்தில் அந்தச் சொல் ஒரு வரியின் தொடக்கத்தில் இருந்தது. அதற்கு முந்தின வரி முடிகிற இடத்தில் பி, ஈ என்று இரண்டு எழுத்தும் ஒரு சின்னக் கோடும். அஸ்வினி ஒன்றாவது படிக்கும்போது வீட்டில் புத்தகத்தைக் காட்டிச் சத்தமாகப் படிப்பாளாம்: கோ-ன்னா போ, கம்-ன்னா வா, பி-ன்னா இரு. அது அவருக்கு மறக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். கூலியாளாக இரு.

தப்பாகப் படித்துவிட்டோமோ என்ற சந்தேகத்தில்தான் என்னிடம் வந்தார். கிளியனூரில் யாரிடமாவது காட்டினால் மகளைப் பற்றி ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயந்து, பஸ் பிடித்து என்னிடம் வந்தார். நான் முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன்.

அந்தக் கடிதத்தைப் பிறகு நான் என் கையால் காப்பி எடுத்தேன். கல்லூரிக்காரர்கள் எழுதியிருந்தது இது: உங்கள் கடிதத்தைப் பார்த்தோம். இதை இனியும் நீங்கள் சொன்னதையே சொல்லி விளக்கத் தேவையில்லை. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து ஒரிஜினல்களைப் பெற்றுக்கொள்ளவும். செவ்வாய் முதல் பத்து நாள் பிரின்ஸ்பால் ஊரில் இருக்கமாட்டார்.

கொடுக்கிறோம், வந்து வாங்கிக்கொள் என்கிற கடிதம். அதில் ஒரு சொல், பிலேபர் (belabour). வரி முடிகிற இடத்தில் உடைந்து இரண்டாகக் கிடந்தது. அதற்கு முன்னால் 'தேவையில்லை' என்றும் இருந்தது, அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே அந்தச் சொல் அன்றுவரை தெரியாது. போனில் தேடிப் பார்த்தேன். இரண்டு அர்த்தம் போட்டிருந்தது. ஒன்று, நையப் புடைப்பது. இன்னொன்று, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, தேவைக்கு மேல் விளக்குவது. எதைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசினாலும் இந்தச் சொல்லைப் போடலாம், பெரும்பாலும் வேண்டாம் என்று தடுக்கிற வாக்கியத்தில்தான் வரும் என்றும் இருந்தது. எனக்கு மோட்டார் கொட்டகை ஞாபகம் வந்தது. முதல் அர்த்தத்தை வாங்கியதால்தான் அந்த மனிதர் இரண்டாவதைக் கற்றுக்கொண்டார். இது புரிய எனக்கு டிக்‌ஷனரி தேவைப்பட்டது, பாருங்கள்.

ராயப்பன் மகளுக்குப் போன் பண்ணவில்லை. கையில் இருப்பது பட்டன் போன், படம் எடுத்து அனுப்பவும் வழியில்லை. அதைவிட, உன்னைக் கூலிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வார்? தானே தீர்த்துவிடுவோம் என்று முடிவு பண்ணினார். திங்கட்கிழமை விழுப்புரத்தில் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள். ஞாயிறு சர்ச் பூசைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து, தமிழில் தன் கையாலேயே மனு எழுதினார். திங்கள் விடிந்ததும் பஸ் ஏறினார். அந்தக் கல்லூரி வாசலைத் தாண்டித்தான் பஸ் போகும். கேட் திறந்திருந்ததாம். ஜன்னல் வழியாகப் பார்த்தபடியே போயிருக்கிறார்.

வரிசை நகர்ந்து அவர் முறை வந்தபோது மணி மூன்றே முக்கால். மனு வாங்கும் மேசையில் இருந்த அதிகாரி அம்மா மனுவையும் கடிதத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, யாரு சொன்னா இதுல கூலிக்குப் போகச் சொல்லியிருக்குன்னு? உங்களை வந்து சர்டிபிகேட்ட வாங்கிக்கினு போகச் சொல்றாங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள. ஜல்தியா போங்க!"

அவர் ஓடினார். ஐம்பத்தைந்து வயதில், மே மாத வெயிலில், மெயின் ரோடு வரைக்கும் ஓடியிருக்கிறார். பஸ் கிடைத்தது. பாலத்து வேலையில் ரோடு அடைத்து அரைமணி நேரம் பஸ் நின்றது. இறங்கி நடந்தார், திரும்ப ஓடினார். போய்ச் சேர்ந்தபோது ஐந்தேகால். பிரின்ஸ்பாலின் கார் கேட்டை விட்டு வெளியே வந்து திரும்பிக்கொண்டிருந்தது. கை காட்டினாராம். கார் நிற்கவில்லை. வாட்ச்மேனிடம் என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "ஒண்ணும் சொல்லலம்மா. மூச்சு வாங்கிடுச்சு" என்றார்.

வியாழக்கிழமை அஸ்வினி வெறும் காப்பிகளோடும் அந்தக் கடிதத்தோடும் சென்னைக்குப் போனாள். விதி விதிதான், ஒரிஜினல் இல்லையென்று அவள் பெயரை விட்டுவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார்கள்.

பத்து நாள் கழித்து சர்டிபிகேட் எல்லாம் ஒழுங்காகக் கைக்கு வந்தன. காப்பி எடுக்க அஸ்வினி என் கடைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ஒவ்வொரு தாளாக எடுத்து மிஷினில் வைத்தபடி, என்னம்மா நடந்தது என்று கேட்டேன். அப்போதுதான் அவள் அந்தக் கடிதத்தையும் காப்பிக்குக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமைக் கதையைச் சொன்னாள்.

"அதுகூடப் பரவாயில்லக்கா. எங்கப்பா எல்லாத்தையும் ஆதியிலேர்ந்து சொல்லுவாரு இல்ல, இத மட்டும் சொல்லவே மாட்டேன்றாரு. யாருகிட்டயாவது காட்டிக் கேட்டியாப்பான்னா, யாருகிட்டயும் கேக்கல, நானே படிச்சிக்கினேன்றாரு. அவரு அப்பிடிப்பட்ட ஆளே இல்லக்கா. ஒரு நோட்டீசு வந்தாக்கூட நாலு பேருகிட்ட கேப்பாரு. அதனாலதான் எனக்குக் கோவமே. அவருகிட்டப் பேசி ஒரு வாரம் ஆவுது."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அவளுக்குத் தெரியவே போவதில்லை. இரண்டு நிமிடம் அப்படியே இருக்கவும் செய்தேன், மறைப்பானேன். ஆனால் ஒரு வாரமாக மகள் பேசாமல் கிடக்கிற அந்த மனிதரை நினைத்தபோது தாங்க முடியவில்லை.

"என்னைத்தான் கேட்டாரு அஸ்வினி" என்றேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தைச் சொன்னேன், சர்வர் படுத்ததைச் சொன்னேன், எனக்கு அன்றைக்குத் தலைவலி என்பதைச் சொன்னேன், கவர் முனை தெரிந்ததைச் சொன்னேன், அரை நிமிடத்தைச் சொன்னேன். மறுபடி கூட்டத்தைச் சொன்னேன். பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார் என்றுகூடச் சொன்னேன். சொல்லச் சொல்ல, இவள் நம்பவில்லையோ, இன்னும் சொல்ல வேண்டுமோ என்றுதான் தோன்றியது. அவள் சர்டிபிகேட்டுகளை அடுக்கி, பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்தாள்.

"போதும்க்கா. புரிஞ்சிது. சொன்னதையே சொல்லாதீங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கே ஊருக்குப் போய் அப்பாவிடம் பேசினாள் என்று காந்திமதி சொல்லித்தான் தெரிந்தது.

ராயப்பன் அதன் பிறகு இரண்டு மாதம் வரவில்லை. ஒருநாள் மத்தியானம் வந்தார், ஆதார் கார்டோடு. கடையில் வேறு யாரும் இல்லை.

"ஒரு காப்பிம்மா."

அவ்வளவுதான். விடியக்காலம் இல்லை, பெரியசாமி இல்லை, மீசை வைத்த கண்டக்டர் இல்லை. காப்பி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு திரும்பினார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். மிஷினை ஆஃப் பண்ணினேன்.

"ஒக்காருங்கண்ணே. அந்தத் திங்கக்கிழம என்ன நடந்துதுன்னு சொல்லுங்க. மொதல்லேர்ந்து சொல்லுங்க."

"உனக்கு வேலை கெடக்கும்மா."

"கெடக்கட்டும்."

தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். நலவாரியக் கார்டிலிருந்து ஆரம்பித்தார். லேபர் ஆபீஸ் வரிசை, அஸ்வினியின் ஒன்றாம் வகுப்புப் பாடம், போஸ்ட்மேன் சைக்கிளைச் சாய்த்த வேப்பமரம், கவரை வெட்டிய கத்தரி யாருடையது என்பது வரை வந்தது. ஒரு இடத்தில்கூட நான் அவசரப்படுத்தவில்லை. சனிக்கிழமைக்கு வந்தார்.

"சனிக்கெழம சாயங்காலம் ஒரு வேலையா திண்டிவனம் வந்தேம்மா. மூணாம் நம்பர் பஸ்ஸு. எறங்குனேன். கடையிலெல்லாம் ஒரே கூட்டம். திரும்பிட்டேன். ஞாயித்துக்கெழம காத்தால…"

"அண்ணே" என்றேன். "சனிக்கெழமைய விட்டுட்டீங்களே. என்னை வந்து கேட்டீங்க இல்ல? நான்தானே…"

அவர் ஆதார் காப்பியை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அதப் போயி எதுக்கும்மா சொல்லிக்கினு" என்றார். "ஞாயித்துக்கெழம காத்தால அஞ்சு மணிக்கு எழுந்தேன். காந்திமதி பூசைக்குக் கெளம்பிக்கினு இருந்துச்சு…"